பசு சாப் டின்

மணியம் ஐயாவுக்கு,

லேபிள் ஒட்டுவதற்கு அரிசி மாவுப் பசையை விட நல்லது எதுவும் கிடையாது. கோந்து கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். கோதுமை மாவில் பூசணம் பிடிக்கும். அரிசி மாவில் ஒரு சிட்டிகை துருசு போட்டுக் காய்ச்சினால் கரப்பான்கூட அண்டாது. அதில் ஒரே ஒரு குறை உண்டு. ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டால் லேபிள் கிழியாமல் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும். எங்கள் மாஸ்டர் அதைக் குறை என்பார். எனக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

என்னை உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை கருப்பாயி கேஸில் சாட்சிக் கூண்டில் நின்ற ஒல்லியான பையன் நான்தான். "சத்தமாப் பேசு தம்பி, துரைக்குக் கேக்கல" என்று இரண்டு தரம் சொன்னீர்கள். நான் தமிழில் சொன்னதை நீங்கள் இங்கிலீஷில் ஜட்ஜுக்குச் சொன்னீர்கள். நீங்கள் எதையும் மாற்றவில்லை. தப்பு முழுக்கத் தமிழில்தான் இருந்தது. அதனால் இந்தக் கடிதத்தை ஜட்ஜுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் அய்யூப். வயது பதினேழு. கூலாய் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ருக்னுதீன் என் வாப்பா. இரண்டு வருடமாக இங்கே ஜோகூர் பாருவில் டிசைன் படிக்கிறேன். எங்கள் கல்லூரி ஒரு அச்சாபீஸின் மாடியில் நடக்கிறது. நாங்கள் பதினோரு பேர் அதைக் கல்லூரி என்போம். கீழே அச்சுக் கோர்ப்பவர்கள் 'படக்கடை' என்பார்கள். முதல் ஆறு மாதம் சுண்ணாம்பில் செய்த ஒரு பாதத்தை மட்டும் வரைந்தோம். அதிலும் சுண்டுவிரல் உடைந்திருந்தது. லீவுக்குப் போனபோது வாப்பா கேட்டார்.

"என்னடா படிச்ச?"

"கால் வரைஞ்சேன் வாப்பா."

"ரெண்டு காலுமா?"

"இல்ல வாப்பா. ஒண்ணுதான்."

அவர் வெங்காய மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

கடைசித் தேர்வுக்கு மாஸ்டர் ஒரு வேலை கொடுத்தார். அவர் வெள்ளைக்காரர், கண்டிப்பானவர். ஆளுக்கு ஒரு கடையைப் பிடிக்க வேண்டும். அங்கே விற்கிற ஒரு பொருளுக்குப் புதிதாக லேபிள் வரைந்து, பன்னிரண்டு பிரதி அச்சடித்து ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டும். அவரே ஒவ்வொரு கடைக்கும் வந்து பார்ப்பார். எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் பேச வேண்டும், அதுதான் பரீட்சை என்றார். முதலாவதாக வருபவனுக்குச் சிங்கப்பூரில் பெரிய அச்சாபீஸ் ஒன்றில் வேலை. தேறாதவன் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். என் விஷயத்தில் அது வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

எங்கள் கடையில் நல்ல லேபிள் இல்லாத பொருள் ஒன்றுதான் இருந்தது. லாலான் மருந்து. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரப்பர் மரத்துக்கு நடுவே முளைக்கிற லாலான் புல்லைக் கொல்வதற்குத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற வெள்ளைத் தூள். வாப்பா பீப்பாயில் வாங்கி, சின்ன வட்ட டின்களில் அடைத்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு விற்பார். அதன் பழைய லேபிள் சிவப்புத் தாளில் கறுப்பு மண்டையோடு. யார் வரைந்தார்களோ, அந்த மண்டையோட்டுக்கு முப்பத்தாறு பல். நான் எண்ணியிருக்கிறேன். அப்படி ஒரு அசிங்கத்தை எங்கள் கடையில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கல்லூரிக்குப் போவது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், மனிதன் செய்த லேபிள்களிலேயே அதுதான் சரியான லேபிள். சிங்கப்பூரிலிருந்து சிகாமட் வரை அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

முதலில் ஒரு மனிதன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு மருந்து தெளிப்பதாக வரைந்தேன். வாப்பா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மனுஷ மூஞ்சி வேணாம்டா. இதே கடையிலதான் நான் தொழுவுறேன்."

"மத்த டின்னுல எல்லாம் இருக்கே வாப்பா."

"அதெல்லாம் வெள்ளைக்காரன் போட்டது. நான் திருப்பி வச்சுட்டுத் தொழுவுறேன். நீ போட்டா நான் போட்ட மாதிரி."

ரொம்ப நேரம் மன்றாடினேன். கடைசியில், "மாடு ஆடு வேணும்னா போட்டுக்க. அதுவும் ஒரு கண்ணு தெரியிற மாதிரி போடு, போதும்" என்றார். அவருக்கும் மனசு இல்லை. பிள்ளை தேற வேண்டுமே என்று இறங்கி வந்தார்.

மாடு என்றதும் எனக்குச் சந்தோஷம். மருந்து பீப்பாயிலேயே, தெளித்த இடத்தில் மாட்டை மேய விடாதே என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஆக, ஒரு பசு லாலான் புல்லுக்கு முன்னால் நின்று, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எவ்வளவு நாசூக்கு. கூலாய் ரயிலடிக்குப் பின்னால் பால்கார சிங் கட்டியிருந்த பசுவைப் பத்து நாள் உட்கார்ந்து வரைந்தேன். மூன்று தாளை அது தின்றது. என் வேலையை அதைவிட ஆர்வமாக யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

பசு வலது பக்கம் நின்றது. இடது மூலையில் முதலில் ஒரு சின்ன மண்டையோடு வைத்திருந்தேன். மாஸ்டர் அதைப் பார்த்து, இரண்டு தலை இருந்தால் கண் எங்கே போகும் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. மண்டையோட்டை எடுத்துவிட்டேன். எடுத்ததும் மூலை காலியாகிவிட்டது. காலி மூலை படத்தைச் சாய்த்துவிடும். அதனால் அங்கே ஒரு கன்று வைத்தேன். கன்று சும்மா நிற்க முடியாது அல்லவா. பால் குடித்தது.

கீழே 'விஷம்' என்று நாலு மொழியில் எழுதினேன். அழகான எழுத்து. எறும்பு அளவு.

இந்த இடத்தில் உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. இரண்டு வருடம் படித்தவன் நான். அப்போது அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது இடது மூலை மட்டும்தான்.

எங்கள் கடைக்கு வருகிற தோட்டத்து ஜனங்கள் சாமானைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சாப் சொல்லிக் கேட்பார்கள். சாப் என்றால் மேலே இருக்கிற படம். கப்பல் சாப் தீப்பெட்டி, சேவல் சாப் மாவு. படம் என்னவோ அதுதான் சரக்கு. நான் பிறந்தது முதல் அந்தக் கடையில்தான் வளர்ந்தேன். சாப் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு டின்னிலும் லேபிளை ஒட்டி, கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கினேன். மாஸ்டர் திங்கட்கிழமை காலை ரயிலில் வருவதாக இருந்தது. சாயங்காலம் வாப்பா மஃரிபு தொழப் பள்ளிக்குப் போனார். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். அப்போது கருப்பாயி வந்தாள்.

இரண்டு மைல் தள்ளி இருக்கிற தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் காளியப்பன் ஆறு மாதத்துக்கு முன்பு சிகாமட் பக்கம் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். கைப்பிள்ளை ஒன்று இருந்தது. காய்ச்சலில் படுத்து எழுந்தவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டதால், டின் பால் மாவு வாங்கிக் கரைத்துக் கொடுக்கச் சொல்லி தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு கோர்ட்டில்தான் தெரிந்தது என்று கூண்டில் சொன்னேன்.

அவள் அலமாரியைப் பார்த்தாள். வழக்கமாக வாங்குகிற டின்னை விட்டுவிட்டு என்னுடையதைக் காட்டினாள்.

"தம்பி, இது புது சாப்பா?"

"ஆமா. இன்னிக்குத்தான் வந்துச்சு."

"மாடு உசுரோட நிக்குது. அந்தக் கண்ணப் பாருங்களேன், நம்மளையே பாக்குது."

ஐயா, இரண்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒரு மனுஷி சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மாஸ்டர் இதுவரை 'பரவாயில்லை' வரைக்கும்தான் வந்திருக்கிறார். நான் அவளிடம் கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"கன்னு ரொம்ப அழகு. இது ஒண்ணு குடுங்க தம்பி."

டின்னைத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மாஸ்டர் வந்தார். டின்களை எண்ணினார். பதினொன்று. இன்னொன்று எங்கே என்றார். வாப்பாதான் பெருமையாக, "வச்ச அன்னிக்கே ஒண்ணு வித்துப் போச்சு துவான்" என்றார். மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். படம் பேசியிருக்கிறது என்றார். ஒரு டின்னைக் கல்லூரிக்கென்று கையோடு எடுத்துக்கொண்டு போனார். அது இப்போது எங்கள் கூடத்தில் நீல ரிப்பன் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் பரிசு எனக்குத்தான்.

அன்று மத்தியானம் கடைக்கு வந்த ஒரு ஆள், கருப்பாயியின் பிள்ளை விடிகாலையில் செத்துவிட்டது, வலிப்பாம் என்று சொன்னான். வாப்பா "அடப்பாவமே" என்றார். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு சேதி வந்தது. பிள்ளை குடித்து மீந்த பால் மாவைக் கருப்பாயி ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்த்திருக்கிறாள். எதனால் போச்சு என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னாள், நீங்களும் அதைத்தான் மொழிபெயர்த்தீர்கள். வாந்தி எடுத்து விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூலிக்காரர்களின் லயத்தில் அவள் வீடு திறந்தபடி கிடக்கிறது என்றார்கள்.

நான் சைக்கிளை எடுத்தேன். பையில் ஒரு பழைய மண்டையோட்டு லேபிள், சின்ன சீசாவில் பசை, ஈரத்துணி. லேபிள் ரொம்பப் புதிதாகத் தெரியக்கூடாது என்று ஓரத்தை டீத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்திருந்தேன். புதுத் தாளைப் பழசாக்குவது கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம். அதில் நான் கொஞ்சம் சுமார்தான். அன்றைக்கு நன்றாக வந்தது.

எல்லோரும் வெட்டுக்குப் போயிருந்தார்கள். அடுப்புக்கு மேல் பலகையில் டின் இருந்தது. பக்கத்தில் ஒரு சங்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. துணியைச் சுற்றினேன், ஐந்து நிமிடம் காத்தேன். பசு முழுசாக வந்தது. கன்றின் காதில் மட்டும் சின்ன மடிப்பு. மண்டையோட்டை ஒட்டி, விரலால் நீவி, காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு லேபிள் ஒட்டியதில்லை. கோணல்கூட விழவில்லை.

மத்தியானம் போலீஸ் அந்த டின்னை எடுத்தது. பிறகு கடைக்கு வந்தது. அதற்குள் மிச்சம் பத்து டின்னிலும் நான் பசுவைக் கிழித்துவிட்டுப் பழைய லேபிளை ஒட்டிவிட்டேன். பரீட்சை முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று வாப்பாவிடம் சொல்லியிருந்தேன். சார்ஜெண்ட் வாப்பாவைக் கேட்டார், லாலான் மருந்து டின்னில் எப்போதும் மண்டையோடு உண்டா என்று. வாப்பா அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மண்டையோடுதான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் சாப்பிட்டாயா என்பதைத் தவிர எதுவும் கேட்பதில்லை. கடையிலும் தொழுவதில்லை. மழையானாலும் பள்ளிக்குப் போய்விடுகிறார்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். புருஷன் விட்டுப் போனவள், மண்டையோடு போட்ட விஷத்தை வாங்கி, பிள்ளைக்குக் கொடுத்து, தானும் தின்றாள். கேஸ் அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "மண்டையோடு இல்லீங்க. பசு மாடு இருந்துச்சு. கன்னு பால் குடிச்சுச்சு." நீங்கள் அதை இங்கிலீஷில் சொன்னபோது கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். டின்னை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். தன் கண்ணையே அவள் நம்பவில்லை போலிருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீ கொடுத்த டின்னில் என்ன படம் இருந்தது என்று கேட்டார்கள். நான் மண்டையோடு என்றேன். சத்தமாகப் பேசச் சொன்னீர்கள். மறுபடியும் மண்டையோடு என்றேன்.

நான் கூண்டிலிருந்து இறங்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "தம்பி மேல தப்பில்லீங்க, நான் காட்டினதத்தான் எடுத்துக் குடுத்துச்சு" என்றாள். அதை நீங்கள் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் இருக்கலாம்.

இது வரைக்கும் படித்தால் நான் ஒரு முட்டாள், பயந்தாங்கொள்ளி என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். கொஞ்ச நாள் சுலபமாக இருந்தது. ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஒன்று, சனிக்கிழமை டின்னை வாங்கிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பி, "என் புள்ளையும் இதக் குடிச்சு இந்தக் கன்னு மாதிரி ஆவட்டும் தம்பி" என்றாள். தெருவில் மாட்டு வண்டி ஒன்றும் போகவில்லை. மழை பெய்யவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா, அது புல்லு மருந்து. சொன்னால் என்ன ஆகும் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. படம் தப்பு என்று ஆகும். பன்னிரண்டிலும் கிழித்துவிட்டு முப்பத்தாறு பல்லை ஒட்ட வேண்டும். மாஸ்டர் திங்கட்கிழமை வருகிறார். வாயைத் திறந்தேன். "பாத்துப் போங்க" என்றேன்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோட்டத்துக்குப் போனேன். சைக்கிளில்தான். நிஜமாகவே சொல்வதற்குத்தான் போனேன். அவள் வீட்டுக்கு இருபது அடியில் இறங்கி நின்றேன். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பலமான, நல்ல அழுகை. அழுகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். இனியும் ஆகாது என்றும் நினைத்துக்கொண்டேன். எப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள், அப்போது அது ரொம்ப நியாயமாகத் தோன்றியது. சைக்கிளைத் திருப்பினேன். வழியில் நல்ல வெளிச்சத்தில் ஒரு மரம் இருந்தது, நின்று வரைந்துவிட்டு வந்தேன்.

பழைய டின்னில் கொஞ்சம் மீதி இருந்தது, புதியதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பிரித்தேன் என்று அவள் கோர்ட்டில் சொன்னாள். நீங்கள் அதை மெதுவாக, தெளிவாக இங்கிலீஷில் சொன்னீர்கள். அந்தக் கூடத்தில் அதற்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே, கருப்பாயி பிள்ளையைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். தெரிந்து கொன்றேன், பிறகு அவள் மேல் போட்டேன். அத்தாட்சிக்கு அந்தப் பசு லேபிள் என்னிடம் இருக்கிறது. இதோடு இணைப்பதாக இருந்தேன். அச்சடித்ததில் கழற்றி எடுத்தது அது ஒன்றுதான் மிச்சம், உறையில் மடிந்துவிடும் என்பதால் வைத்திருக்கிறேன். நேரில் கேட்டால் கொடுப்பேன்.

தீர்ப்பு இன்று காலை பத்து மணிக்கு. தூக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கோர்ட் எங்கள் ஹாஸ்டலிலிருந்து இருபது நிமிட நடை. பக்கத்துக் கட்டிலில் ஜெகபர் சாதிக் தூங்குகிறான். நடுராத்திரி விழித்து, "அலமாக், இன்னும் எழுதுறியா? யாருக்குடா, பொண்ணுக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

இது ஏழாவது படி. முதல் படியில் ஓரம் போதவில்லை. மூன்றாவதில் வரிகள் கீழே சரிந்தன. ஆறாவது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் பெயரில் மட்டும் 'ணி' கோணலாக விழுந்துவிட்டது. ஒரு படி எழுதி முடிக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஒரு உயிர் சம்பந்தப்பட்ட காகிதம், அலங்கோலமாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது இல்லையா.

இப்போது விடிகாலைச் சுபுஹு தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை சரியாக இடது மூலையில் விழுந்துவிட்டது. அங்கே எதையாவது வரைந்து மறைக்கலாம். வேண்டாம். இன்னொரு தாள் எடுக்கிறேன்.